நாற்காலி விழும் நேரம்

ஏரி நடுவில் ஒரு சிவப்பு நாற்காலி.
யாருடைய சமையலறையிலிருந்தோ வந்தது,
ஒரு கால் கொஞ்சம் குட்டை.
அதன் முதுகில் கட்டிய கம்பி
படகுத்துறைக் கடிகாரத்தின் பிளக்கில் முடிகிறது.
பனி நகர்ந்தால் நாற்காலி நகரும்,
நாற்காலி நகர்ந்தால் பிளக் கழலும்,
கடிகாரம் நிற்கும் நேரமே
தர்ஸ்டன் ஏரிக்கரையில் வசந்தம்.
காலண்டரை இங்கே யாரும் மதிப்பதில்லை.

சீட்டு ஒன்று இரண்டு டாலர்.
நோட்டு என்னிடம், தபால் அலுவலகக் கவுன்ட்டரில்,
பசைப் புட்டிக்கும் எடைத்தட்டுக்கும் நடுவே.
கணக்கெழுதுபவள் பந்தயம் கட்டக்கூடாதென்று
பதினாறு வருடமாகக் கையைக் கட்டியிருக்கிறேன்.

லிசெட் கார்னோ ஏப்ரல் இருபத்துநான்கு என்றாள்,
முழங்கால் சொன்னதாம்.
மரமறுக்கும் ட்வைட் மூன்று சீட்டு எடுத்தான்,
மனைவிக்குத் தெரியாமல்.
மனைவி நான்கு எடுத்தாள்,
அதுவும் அப்படியே.
ஒரின் பெல்க்கி மட்டும்
வருடா வருடம் மே பத்து.
மே பத்து வரை இங்கே பனி நின்றதே இல்லை.
"காசைத் தண்ணீரில் போடுகிறாய்" என்பேன்.
"பனியில்தானே போடுகிறேன்" என்பான்.

குளிர்காலத்தில் ஏரிமேல் அவனுக்கொரு குடிசை:
எட்டடிக்கு ஆறடி, தகர அடுப்பு,
தரையில் மீனுக்கு இரண்டு ஓட்டை.
பனிமேல் டிரக்கில் போகிறவர்கள் நிறுத்துவார்கள்.
ஒரு காப்பி, ஒரு பொய், இன்னொரு காப்பி,
பூட்ஸ் காயும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.
பனி போனால் ஆளுக்கொரு படகு.
படகில் போகிறவர்கள்
தூரத்திலிருந்து கையை ஆட்டுவதோடு சரி.

மார்ச் கடைசியில் குடிசையை இழுத்து வந்து
கொல்லையில் நிறுத்தினான்.
பனி வெளுத்தது, சாம்பலானது, பிறகு கருத்தது.
கருத்த பனியை நம்பாதே என்பது
இங்கே நாய்க்கும் தெரியும்.
கரையோரம் அது நீளநீளக் குச்சிகளாக உதிர்ந்து
ஒன்றோடொன்று உரசியது,
இருட்டில் யாரோ
ஒரு விருந்துக்கான கண்ணாடிக் கோப்பைகளை
அவசரமாகக் கழுவுவது போல.

ஏப்ரல் பத்தொன்பது, அதிகாலை மூன்று பன்னிரண்டு.
யாரும் பார்க்கவில்லை.
விடிந்தபோது ஏரி முழுக்க நீலம்.
வடமேற்குக் காற்று தள்ளிய பனி தென்கரையில் குவிந்து
ஒரு படகுக் கொட்டகையின் சுவரை
நிதானமாக இடித்துக்கொண்டிருந்தது.
பரிசு ட்வைட்டின் மனைவிக்கு.
அன்று அந்த வீட்டில் நடந்ததை
ஊரே கேட்டது.

மறுநாள் ஐந்து மணிக்கு ஒரினின் கதவைத் தட்டினேன்.
ஏன் தட்டினேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.
என் படகில் இரண்டு பேர் உட்காரலாம்,
அவ்வளவுதான்.

ஓடை கலக்கும் இடத்தில்
பொடிமீன்கள் முட்டையிட ஏறும்,
அவற்றைத் தின்னச் சால்மன் சுற்றும்.
மோட்டாரைக் குறைத்து மெதுவாகப் போனோம்.
கழியின் வளையங்களில் பனி அடைத்தது.
நுனியை வாயில் வைத்து உருக்கினான்,
சுருட்டுக்கு நெருப்புக் கேட்கிறவன் மாதிரி.
இரண்டு மணி நேரம்.
என் கட்டைவிரல் என்னுடையதில்லை.
பேச்சு இல்லை, மீனும் இல்லை.

பிறகு ஒரு இழுப்பு.
தண்ணீருக்கு மேலே இருமுறை துள்ளி
வலைக்குள் வந்தது:
தலை பெரிசு, வயிறு ஒட்டி,
குளிர்காலம் தின்ற மீதி.
"இது இன்னும் சாப்பிடவே தொடங்கவில்லை" என்றான்,
தண்ணீருக்குள் இரு கையாலும் பிடித்திருந்தான்,
அது தானாக நழுவும்வரை.

திரும்பும்போது காய்ந்த கோரைக்குள்
சிவப்பாக என்னவோ.
நாற்காலி.
கம்பி இன்னும் முதுகில்,
உட்காரும் பலகையில் ஒரு வாத்தின் எச்சம்.
தூக்கி எங்கள் நடுவே வைத்தோம்.
குட்டைக் கால் ஒவ்வோர் அலைக்கும்
டக், டக் என்றது.

துறை தெரிந்ததும் ஒரின் முதன்முறையாகத் திரும்பினான்.
"உறையும் நாளுக்கும் ஒரு நோட்டுப் போடலாமே, வெர்னா."
"நவம்பரை இப்போதே கேட்கிறாயா?"
"எத்தனை சீட்டு வரும் என்று நினைக்கிறாய்?"
ஈரக் கையுறையைக் கழற்றி
இரண்டு டாலர் நீட்டினான்.
நோட்டு தபால் அலுவலகத்தில் இருந்தது.
வாங்கிக்கொண்டேன்.