ஒரே கணக்கு

அப்பா காரியம் முடிந்த மறுவாரம்
எல்லாவற்றையும் பிரித்தோம்.
தேவனாம்பட்டினம் வீடு அண்ணனுக்கு.
ஃபைபர் படகு விற்று ஆளுக்குப் பாதி.
கிரைண்டருக்குக்கூடச் சீட்டுக் குலுக்கினோம்.
பாட்டுக் கணக்கு மட்டும்
யார் ஞாபகத்துக்கும் வரவில்லை.

அது மேகத்தில் கிடந்தது.
பத்திரம் இல்லை, பட்டா இல்லை.
மாசாமாசம் பணம் போவது அவன் வங்கியிலிருந்து,
கடவுச்சொல் என் பழைய பைக் நம்பர்.

நாலு வருஷமாகப் பேச்சில்லை.
நான் முத்தியால்பேட்டையில்
ஏ.டி.எம். வாசலில் ராத்திரிக் காவல்.
காதில் ஓடுகிற பாட்டு பாதியில் நிற்கும்:
வேறொரு போனில் ஒலிக்கிறது.
விடுவேனா, நானும் தட்டுவேன்.
அங்கே நிற்கும். அவனும் தட்டுவான்.
சில ராத்திரி இரண்டு பேருமே
பல்லவியைத் தாண்டியதில்லை.

கார்த்திகையில் கடலூர்த் துறைமுகத்தில்
எட்டாம் நம்பர் கூண்டு ஏற்றினார்கள்.
கரண்ட் இல்லை, டவர் இல்லை என்றது டிவி.
எங்கள் ஊருக்குத் தெரிந்த மேகம் அதுதான்,
கூரையைப் பிய்த்துக்கொண்டு போவது.

அவன் நம்பரை எடுத்தேன். அழுத்தவில்லை.
பாட்டைப் போட்டேன்.
முழுசாக ஓடியது.
அடுத்ததும். அதற்கடுத்ததும்.
இத்தனை பாட்டைத் தடங்கலில்லாமல்
கேட்டதே இல்லை நான்.
ஒன்றும் காதில் ஏறவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை
மூன்றே முக்காலுக்கு
சரணத்தின் நடுவில் நின்றது.
வேறொரு போன்.

நான் தட்டவில்லை.
கேட்டுக்கொண்டிருக்கட்டும்.