எண்ணூறு மில்லி

பேச்சிப்பாறையில் ஷட்டர் தூக்கியாச்சாம்.
குலசேகரம் முழுக்க ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறான்:
ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம்.

எனக்கு நாளைக்கு எண்ணூறு மில்லி.
கஞ்சித்தண்ணியும் அதில் சேர்த்தி.
நெஞ்சுக்காக இன்னும் நூறு குறைக்கணுமாம்.

இருபத்தாறு வருஷம்
ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளந்த கை.
நுரை அடங்கும் முன்னே
புனலை உருவிவிடுவேன் என்று
லில்லிபுஷ்பம் சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.
பொய்யில்லை.

இப்போது வரிசையில் நான் ஒருத்திதான்.

சுகர் இறங்கினால் மட்டிப்பழம் தின்னச் சொல்கிறார்
தக்கலை டாக்டர்.
கிட்னிக்கு அதைக் கண்ணாலும் பார்க்காதே என்கிறார்
ஆசாரிப்பள்ளத்துக்காரர்.
ரெண்டு சீட்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன்.
உள்ளே கிடந்து பேசித் தீர்க்கட்டும்.

நேற்று ராத்திரி மூணு மணி.
வேர்த்தது. விரல் ஆடி
டப்பா மூடி திறக்க வரவில்லை,
பல்லால் கடித்துத் திறந்தேன்.
ரெண்டு கரண்டி சீனி,
அரை டம்ளர் தண்ணி.
ஓட்டின்மேல் மழை
எவனோ வாங்கிப் போட்டதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது.

நடுக்கம் விட்டதும் நோட்டை எடுத்தேன்.
குடித்தது நூறு.
எழுபது என்று எழுதினேன்.

லில்லிபுஷ்பம் இருந்திருந்தால்
சிரித்திருப்பாள், சவம்.