கையொப்பம் விடுபட்டவை

நூற்றொரு நாற்காலி கொண்ட அவை.
ஐம்பது அவர்களிடம். ஐம்பது எங்களிடம்.
நூற்றொன்றாவதில் இருந்தவர்
டிசம்பரில் கார் ஓட்டிக்கொண்டே இறந்துபோனார்.
அன்றிரவே எனக்குப் போன் வந்தது:
"வருத்தம்தான். பிப்ரவரியில் லீவு கிடைக்குமா?"

நான் பல் மருத்துவரிடம் உதவியாளர்.
வாயைத் திறக்கச் சொல்வது தொழில்.
ஆறு வாரம் கதவைத் திறக்கச் சொன்னேன்.

எங்கள் தொகுதிக்கு உருவம் கிடையாது.
யாரோ, எங்கோ, சூடான ஓர் அறையில் வரைந்த கோடு
ஏரியைப் பாதி நக்கி, மர ஆலையைச் சுற்றி வந்து,
தேவாலயத்தை இந்தப் பக்கமும்
அதன் கல்லறையை அந்தப் பக்கமும்
போட்டுவிட்டுப் போயிற்று.
விலை பேசாமல் தாவியவர்கள்
செத்தவர்கள் மட்டும்தான்.

பணம் கொட்டியது, எங்கிருந்தெல்லாமோ.
ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள்
இந்த ஊர்மேல் உயிரையே வைத்திருப்பதாக
டிவியில் சொன்னார்கள்.
தபால் பெட்டிகள் வாந்தியெடுத்தன.
வழவழப்பான வேட்பாளர் முகங்களை வைத்தே
என் தங்கை ஒரு மாதம் கணப்பு மூட்டினாள்.
இரண்டு கட்சியும் ஒரே மாதிரி எரிகிறது என்றாள்.

எண்ணி முடித்தபோது
அவர்கள் ஒன்பது வாக்கு முன்னே.
கையொப்பம் விடுபட்ட தபால் உறைகள் இருபத்து மூன்று.
வெள்ளி மாலை ஐந்துக்குள்
படிவத்தில் கையெழுத்து வந்து சேர்ந்தால் உறையைப் பிரிப்பார்கள்.
வராவிட்டால் அது காகிதம்.

பட்டியலில் கடைசிப் பெயர் ஆர்லன் ப்ருட்விக்.
வீட்டில் ஆள் இல்லை.
பக்கத்து வீட்டுக்காரி நாயைப் பிடித்த கையோடு
ஏரியைக் காட்டினாள்.

உறைந்த ஏரியின்மேல் நடந்தேன்.
காலுக்கடியில், எங்கோ ஆழத்தில்,
ஏதோ முனகிப் புரண்டு படுத்தது.
ஒரு தகரக் கூண்டு, புகைக்குழாய்.
உள்ளே பனித்தரையில் துளை, துளையில் தூண்டில்,
கவிழ்த்த வாளியில் ஆர்லன்.
இன்னொரு வாளியில்
அந்தக் கட்சிப் பையன்.
மடியில் என்னுடையதைப் போலவே பட்டியல்.
அதே இருபத்து மூன்று பெயர்.

"மை உறைந்துவிட்டது" என்றான்,
என்னைப் பார்க்காமல்.
என் பேனாவும் உறைந்திருந்தது.
இரண்டையும் அடுப்புக்குமேல் பிடித்தோம்,
மீன் வாட்டுகிறவர்கள்போல.

ஆர்லன் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.
"யாருக்குப் போட்டேன் என்று தெரியுமா?"
"சொல்லாதீர்கள்" என்றோம், இருவரும் ஒரே மூச்சில்.
"சொன்னால் உங்களில் ஒருவர்
பேனாவைத் துளைக்குள் போட்டுவிடுவீர்கள்."
அவர் சிரிக்கவில்லை.
நாங்கள் மறுக்கவில்லை.

முதலில் உருகியது பையனின் பேனா.

கரையில் என் கார் இரண்டு முறை இருமிவிட்டு
ஓய்ந்துபோனது.
கவுண்டி அலுவலகம் இருபத்தாறு மைல்.
"கொடுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்" என்றான்.
பெயர் கேட்டேன். டெஸ்மண்ட் கோர்ஸ்கி.
அவன் அம்மாவின் பேக்கரியில்
என் மகள் பிறந்தநாளுக்கெல்லாம் கேக் வாங்கியிருக்கிறேன்.
ஆறு வாரத்துக்கு முன்னால் என்றால்
வீட்டுச் சாவியையே கொடுத்திருப்பேன்.

கொடுக்கவில்லை.
அவன் டிரக்கில் ஏறி உட்கார்ந்தேன்.
படிவம் எங்களுக்கு நடுவே,
சீட் பெல்ட் போடாத மூன்றாவது ஆளாக.
ஹீட்டர் காற்றில் அதன் ஓரம் தூக்கியபோது
இரண்டு கைகள் சேர்ந்து அழுத்தின,
சேர்ந்தே விலகின.

எங்களில் யாருக்காக ஓடுகிறது இந்த வண்டி
என்று அவனும் கேட்கவில்லை.

தேவாலயம் போயிற்று. கல்லறை வந்தது.
முன்னால் பனி அள்ளும் வண்டி ஒன்று
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு
சாலையின் நடுவே,
அவசரமே இல்லாமல்,
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெள்ளையை
ஒதுக்கிக்கொண்டே போனது.
முந்த முடியாது.
மணி நாலு நாற்பத்தொன்று.