நூற்றுக்கு ஒன்றரை

பட்டறைக்கு வெளியே, வடக்குச் சுவரோரம்,
வெயில் எட்டாத தனிக் கொட்டகை.
சாவி என் கழுத்தில்.
சிலுவைக்குப் பதிலாகவா என்று மைரே கேட்டாள்.
சிலுவையைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கலாம் என்றேன்.

உள்ளே ஐந்து லிட்டர் கேன்கள்.
ஊற்றிப் பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும்.
அதுதான் பெராக்சைடு சொல்லும் முதல் பொய்.

தெற்கே இன்னொரு கொட்டகை. அங்கே கோபால்ட்,
அவுரிநெல்லி பிழிந்த நிறத்தில்.
நடுவில் அறுபது காலடி, நானே நடந்து அளந்தது.
ரெசினில் முதலில் கோபால்ட் போகும்.
அது கரைந்து அடையாளம் தெரியாமல் போன பிறகு
பெராக்சைடு, நூற்றுக்கு ஒன்றரை.
ரெசின் நடுவில் இருந்தால்
சம்பந்தம் பேசி முடித்துப் படகாக்கிவிடுவார்கள்.
நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால்
கூரை இருக்காது.

டோய்வோவின் இடது கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
ஒரே துளி.
பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது, வியர்த்ததாம்.
குழாயடியில் அவன் பிடரியில் என் முழங்கையை ஊன்றி
பதினைந்து நிமிடம்.
தெரிந்த மொழியிலெல்லாம் திட்டினான்.
பதினைந்து என்றால் பதினைந்து.
இப்போது அந்தக் கண்ணில் மூடுபனி மட்டும்தான்.
சாரேமா தீவில் இருப்பவனுக்கு
அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை என்கிறான்.

ஜனவரி. வெளியே மைனஸ் பத்தொன்பது.
நாற்பத்து மூன்றாம் படகின் அடிவயிற்றில்
ரெசின் இறுகாமல் பிசுபிசுத்தது.
ஆர்கோ வேலைக்கு வந்து நான்கு மாதம்.
காலையில் நான் கொடுத்த கேனில் பாதி மீதி.
அளவுக் குவளையில் மிஞ்சியதையும் வீணாக்காமல்
அதற்குள்ளேயே திரும்ப ஊற்றியிருக்கிறான்.
பிறகு, குளிரில் விறைத்துக் கிடக்கிறதே என்று
ஹீட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறான்,
பூனைக்குட்டியை வைப்பது போல.

நான் பார்த்தபோது கேனுக்கு ஏழாம் மாதம்.
மூடியோரம் சீறல்.

தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதுதான் வீரம் என்று
நினைக்கிறவர்கள் உண்டு.
அவர்களுக்கு இரங்கல் எழுத எனக்குத் தமக்கை உண்டு,
உள்ளூர்ப் பத்திரிகையில்.
நான் தொடவில்லை. பக்கத்தில் போகவில்லை.
"வெளியே" என்று கத்தினேன்.
அந்தக் குரல் என்னுடையதுதானா என்று இன்றும் தெரியாது.

உறைந்த கடலின் மேல் நின்றோம்,
கோட்டு இல்லாமல், வெள்ளை அங்கிகளில்.
எண்ணினேன். பதினொன்று.
நம்பாமல் டோய்வோவை எண்ணச் சொன்னேன்.
ஒரு கண்ணால் எண்ணினாலும் பதினொன்று.

முதலில் வெள்ளைப் புகை.
பிறகு ஜன்னல், கண்ணாடி என்று தெரியாதபடி.
பிறகுதான் சத்தம் வந்ததாக எனக்கு நினைவு.
அது அப்படி இருந்திருக்க முடியாது என்கிறாள் மைரே.
தீயணைப்பு வண்டி வந்து தூர நின்று தண்ணீர் அடித்தது.
நாற்பத்து மூன்று, பெயர்கூட எழுதப்படாதது,
தண்ணீரைத் தொட்டது அப்போதுதான்.

ஆர்கோ அழுதான்.
சூடு பட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்தேன் என்றான்.
முழுப் பொய்யும் இல்லை அது. ரெசினுக்கு அப்படித்தான்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
பதினான்கு பக்க விதிமுறையில்
பக்கத்துக்கொரு கையெழுத்துப் போட்டவன்.
ஒரு பக்கமும் படித்ததில்லை.
என் காலத்தில் நானும்
அதே மேசையில் அப்படியேதான் போட்டேன்.
மதியம் அந்தக் கேனைத் திருப்பி வாங்காமல்
காபி குடிக்கப் போனது யார் என்பதை
விசாரணைக்கு வந்தவர் கேட்கவில்லை.
நானே சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அன்றிரவு வீட்டில்
நாளைய ரொட்டிக்குப் பிசைந்த கம்பு மாவு
ஹீட்டர் பக்கத்தில், துணிக்கு அடியில்,
மெல்ல உப்பிக்கொண்டிருந்தது.

எழுந்து போய்
தள்ளி வைத்தேன்.