அறுபதாயிரம் முட்டை

அறுபதாயிரம் முட்டை என்கிறார்கள்.
எண்ணியது யார் என்று கேட்டால்
காபிக் கோப்பையைச் சுழற்றியபடி
சிரிக்கிறான் குஸ்மான்.
சுல்தானின் ஆட்கள்
ஊர் ஊராய் மாட்டுவண்டியில் போய்
வைக்கோலில் பொதிந்து கொண்டுவந்தார்களாம்.
சுண்ணாம்போடு குழைத்துக்
கல்மேல் கல்லாய் ஏற்றினார்களாம்.
பிதோலா மணிக்கூண்டு
இத்தனை போருக்குப் பின்னும் விரிசலில்லாமல் நிற்பது
அதனால்தானாம்.

மெங்காவுக்குக் கணக்கு இடிக்கிறது.
பழைய சந்தையில் இருபது வருஷமாய்
முட்டை விற்பவள்.
ஒரு வண்டிக்கு எத்தனை உடைந்தது,
வெயிலில் எத்தனை கூழையானது,
மஞ்சள் கருவை யார் தின்றது,
காசு கொடுத்தார்களா,
இதெல்லாம் கதையில் வருவதே இல்லை.
பிறகு, எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டே,
"அந்த வருஷம் ஒரு குஞ்சும் பொரித்திருக்காது" என்றாள்.

அதை நான் யோசித்ததில்லை.

குஞ்சில்லை என்றால்
மறுவருஷம் சேவலில்லை.
சேவல் கூவாவிட்டாலும் பொழுது விடியும்தான்.
விடிந்ததென்று
யார் வந்து சொல்வது?
பெலிஸ்தர் மலைப் பனி தெருவுக்கு இறங்கிய
ஏதோ ஒரு கருக்கலில்
ரொட்டி சுடுகிறவனும்
பாங்கு சொல்கிறவரும்
மாதாகோயில் விளக்கேற்றுகிறவளும்
அவரவர் வாசலில் நின்று காதைத் தீட்டியிருப்பார்கள்.
ஒரு கூரையிலிருந்தும் சத்தமில்லை.
அப்போது அது
டாண் என்றது.

வேறு வழியில்லாமல் நம்பியிருக்கிறார்கள்.

இன்று சனிக்கிழமை.
பூங்கொத்தைத் தலைகீழாய்ப் பிடித்த பையன்,
ஸ்வீடனிலிருந்து வரும் தங்கைக்காகக்
குதிகால் செருப்பில் கால் மாற்றி மாற்றி நிற்பவள்,
வாடகை பாக்கிக்காரனைப் பிடிக்க வந்த ஒருவர்,
எல்லாரும் கூண்டுக்குக் கீழேதான்.
ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.
நேரம் கைப்பேசியில் இருக்கிறது,
பாதிக்கு நான்தான் கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன்.
இடத்துக்குத்தான் கூண்டு வேண்டியிருக்கிறது:
"மணிக்கூண்டடியில் நில், வந்துவிட்டேன்"
என்று பொய் சொல்வதற்கு.

ஏழு அடித்து ஓய்கிறது.
புறாக்கள் எழும்பி, அதே விளிம்பில் உட்காருகின்றன.

சந்தை கட்டும் நேரம்
மெங்கா மீந்ததை எண்ணுகிறாள்.
பதினொன்று. ஒன்றில் முடி போலக் கீறல்.
அதற்கு அவள் காசு வாங்குவதில்லை.
கடை பூட்டிவந்த என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மடக்கிவிடுகிறாள்.
"ராத்திரியே சாப்பிட்டுவிடு,
நாளைக்குத் தாங்காது."