தவிட்டுக்கு ஒரு கட்டம்

புதுவயல். ஏழாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.
ஜன்னல் கம்பியெல்லாம் அரிசி மில்லின் உமித்தூசு.

நானே எழுதிய கணக்கு:
நெல்லில் மூன்றிலொரு பங்கு உமி, மீதி அரிசி.
அரிசி நாற்பது கிலோ என்றால்
நெல் எவ்வளவு?

எண்ணைக் கண்டதும் பெருக்கினான் சேவுகன்.
ஆரோன் வகுத்தான்.
மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்,
விடையை அங்கே எழுதி வைத்திருப்பதுபோல.

"எண்ணைத் தொடாதீங்க. முதல்ல படம்."
நீளமாய் ஒரு செவ்வகம்; அதுதான் நெல்.
படி ஒன்று, என்றேன்.
"அரைப்படியா, முழுப்படியா சார்?"
கடைசி பெஞ்சு சிரித்தது.
நானும்.

மூன்று கட்டம்.
ஒன்றில் சாய்கோடுகள், உமி.
மற்ற இரண்டையும் ஓர் அடைப்புக்குள் சேர்த்து
மேலே நாற்பது.
இரண்டு கட்டம் நாற்பது என்றால் ஒரு கட்டம்...
"இருபது!"
அடுத்ததை நான் கேட்கவேயில்லை.
"அறுபது! அறுபது!"

பவதாரணி கத்தவில்லை.
அவள் அம்மாவுக்கு மில்லின் பின்கட்டில்
சலிக்கிற வேலை.
எழுந்து வந்து சாக்பீஸ் கேட்டாள்.
உமிக்கும் அரிசிக்கும் நடுவே
நூல் அகலத்தில் இன்னொரு கட்டம்.
"தவிடு, சார்."

வார்த்தையாக எழுதியபோது
எனக்கு இது தட்டவேயில்லை.

"எவ்வளவு இருக்கும்?"
"தெரியாது சார். ஆனா இருக்கு."
கேள்விக்குறியை அதற்குள் போடப் பார்த்தாள்,
இடம் கொள்ளவில்லை.
வெளியே போட்டு
ஓர் அம்புக்குறி இழுத்துவிட்டாள்.

மணி அடித்தது.
அறுபதை அழித்தேன், படத்தை விட்டுவிட்டேன்.
அடுத்த பாடவேளை வரலாறு.