வேதத்தில் இல்லாத விளையாட்டு

ஞாயிறு மூன்று ஆராதனை, ஒரு ஞானஸ்நானம்,
இரண்டு குடும்பச் சண்டை.
திங்கள் எனக்கு.
சேகரக் கமிட்டி நோட்டில் அப்படித்தான் இருக்கிறது:
'போதகருக்கு வார ஓய்வு திங்கள், அவசரம் தவிர.'
அந்தத் 'தவிர'வில்தான்
என் திங்கள்கள் பலவும் போயின.

"ஏதாவது பொழுதுபோக்கு வெச்சுக்கங்க ஐயா,
ஊழியத்துக்குத் தகுந்த மாதிரி"
என்றார் செயலர் ஆசீர் எபனேசர்,
துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்.
தகுந்த மாதிரி என்பதை
இரண்டு தரம் சொன்னார்.

மொட்டை மாடியில் ஒரு திராட்சைக்கொடி வைத்தேன்.
மெட்ரோ வாட்டர் லாரி வராத வாரம்
இலை சுருண்டது.
ஞாயிற்றுக்கிழமை யோவான் பதினைந்தில் போய் நின்றேன்.
செடி செத்தது, பிரசங்கம் பிழைத்தது.

பிறகு தூண்டில்.
காசிமேட்டுப் பாறைக் கற்களில் விடியலில் உட்கார்ந்தவனை
ஐஸ் பெட்டியோடு நின்று பார்த்தாள் எஸ்தர் குப்பம்மா.
"எங்களுக்குப் பொழப்பு,
உங்களுக்குப் பொழுதா பாஸ்டரே?"
பாவம் பார்த்து
ரெண்டு காரப்பொடியை என் பையில் போட்டுவிட்டுப் போனாள்.
அதையும் சொன்னேன், அடுத்த ஞாயிறு.
நடு வரிசையில் முந்தானைக்குள் சிரித்தாள்.

புறா வளக்கலாமே என்றான் பக்கத்து மாடி லோகு.
வேண்டாம்பா,
அங்கே ஏற்கெனவே நோவா நிற்கிறார்.

தொட்டதெல்லாம் வசனமாகிவிடும் ஒருவன்
எங்கே போய் விளையாடுவான்?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தாண்டி
டயர் கடை மாடியில் ஒரு கேரம் மன்றம்.
ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை
தேடிப் பார்த்துவிட்டேன்.
சீட்டுப் போட்டிருக்கிறார்கள், கவண் சுழற்றியிருக்கிறார்கள்,
கேரம் இல்லை.

அங்கே அங்கி இல்லை, ஸ்தோத்திரம் இல்லை.
லாரி கிளீனர் டில்லிபாபு எனக்கு ஜோடி.
நான் சொதப்பினால்
என்னிடம் யாரும் பேசாத பாஷையில் பேசுவான்.
மரியாதை கேட்டே களைத்த காதுக்கு
அது எவ்வளவு ஜில்லென்று இருக்கும்.

எதிரே நாகேஸ்வரி, பன்னிரண்டாம் வகுப்பு,
நகத்தில் பாதி அழிந்த மருதாணி.
ரிபவுண்டில் ஒரே தட்டு, இரண்டு காய்.
இருபத்தைந்துக்கு நான்கு.
"அடுத்த கேம்?" என்பாள்,
இரக்கமே இல்லாமல்.

சரக்கு ரயில் போகும்போது பலகை நடுங்கும்.
காய் நகருமோ என்று எல்லோரும் மூச்சைப் பிடிப்போம்.
ஜெபத்தில்கூட இத்தனை பேர் ஒரே சமயத்தில்...
என்று ஆரம்பிக்கும் மனசை
அதட்டி உட்கார வைப்பேன்.

போன திங்கள் ரெட் விழுந்தது.
என் கையால், முதல் தடவை.
ரெட் மட்டும் விழுந்தால் போதாது,
அடுத்து ஒரு காயும் விழுந்தால்தான் அது நம்முடையது.
இல்லாவிட்டால் திரும்ப நடுவில் வைத்துவிட வேண்டும்.
இதில் ஒரு பிரசங்கம் இருக்கிறது,
மூன்று தலைப்பு, ஒரு முடிவுரை.
எடுக்கவில்லை.
பவுடரை ஊதிவிட்டு ஃபாலோவுக்குக் குனிந்தேன்.

போன் அதிர்ந்தது.
பலகை விளிம்பில் வைத்திருந்ததால்
காய்களுக்கும் கேட்டது.
எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் ஓட்டும்
சார்லஸ் முனிரத்தினம். மாரடைப்பு.
நான் செருப்பு மாட்டுவதற்குள்
என் இடத்தில் ஒரு பையன் உட்கார்ந்துவிட்டான்.

ஃப்ரீசர் பெட்டி இன்னும் வரவில்லை.
அவர் மனைவி தலையில் கை வைத்து ஜெபித்தேன்.
கையை எடுத்தபோது
கறுத்த முடியில் வெள்ளையாய் நான்கு விரல்.
துடைக்கவா, விடவா,
தெரியாமல் நின்றேன்.

வாசலில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த மகன்
ஏணியிலிருந்து பார்த்தான்,
அம்மாவின் தலையை, என் விரலை.
இறங்கி வந்து, தொண்டை கட்டிய குரலில் கேட்டான்:
"ரெட்டு போட்டீங்களா பாஸ்டரே?"

"போட்டேன். ஃபாலோ போடல."

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டான்.
பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"எங்கப்பா லெஃப்ட் ஹேண்டு" என்றான்.